நெல்லைச் சீமையில் லோடு வண்டி வாங்கப் போகிறீர்களா? பிக்கப் தேர்வுக்கு ஒரு முழு வழிகாட்டி

களக்காட்டில் வாழைத்தார் ஏற்றும் சீசன் வந்துவிட்டால் என் வீட்டுத் திண்ணைக்கு இந்தக் கேள்வியோடு ஆள் வந்துகொண்டே இருக்கும்: "அண்ணாச்சி, பொலேரோ எடுக்கட்டுமா, தோஸ்த் எடுக்கட்டுமா?" பதினைந்து வருடமாக லோடு வண்டி ஓட்டுகிறேன், மூன்று வண்டி மாற்றியிருக்கிறேன் என்பதால் கேட்கிறார்கள். நான் உடனே பதில் சொல்வதில்லை. "என்ன லோடு, எத்தன கிலோ?" என்றுதான் திருப்பிக் கேட்பேன். பாதிப் பேருக்கு அதற்குப் பதில் தெரியாது.

ஏழெட்டு லட்சம், பத்து லட்சம் என்று கடன் வாங்கி எடுக்கிற வண்டி இது. தப்பாக எடுத்தால் நாலு வருடம் டியூ கட்டும்போதெல்லாம் அது குத்தும். அதனால் வண்டிக் கம்பெனியில் இருந்து ஆரம்பிக்காமல், உங்கள் லோடில் இருந்து ஆரம்பிக்கிறேன். கீழே சொல்வதை வரிசையாகச் செய்து வாருங்கள்.

முதல் வேலை: ஒரு மாத நோட்டு

ஷோரூம் பக்கம் போகும் முன்னால் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். இப்போது வாடகை வண்டியில் அனுப்புகிறவராக இருந்தாலும் சரி, பழைய வண்டி வைத்திருப்பவராக இருந்தாலும் சரி, ஒரு மாதத்துக்கு ஒவ்வொரு நடையையும் எழுதுங்கள். என்ன சரக்கு, எங்கிருந்து எங்கே, எத்தனை கிலோ, திரும்பி வரும்போது லோடு உண்டா, கடைசி ஒரு கிலோமீட்டர் என்ன ரோடு. இவ்வளவு போதும்.

கிலோவை மட்டும் குத்துமதிப்பாக எழுதாதீர்கள். எடைமேடையில் ஏற்றுங்கள். போன வருடம் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர், "ஒன்றரை டன் வண்டி போதும் அண்ணாச்சி, நூத்தம்பது தார்தான் ஏத்துவோம்" என்றார். எடை போட்டதுண்டா என்று கேட்டேன். "அது பாத்ததில்லலா" என்றார். மறுநாள் அவர் வாடகைக்குப் பிடித்த வண்டியோடு நானும் எடைமேடைக்குப் போனேன். அது நல்ல விளைச்சல் கண்ட ஏத்தன் (நேந்திரன் வாழை), ஒவ்வொரு தாரும் நல்ல கனம். தார்களுக்கு நடுவே வைத்த சருகு, மேலே போட்ட தார்ப்பாய், கயிறு எல்லாம் சேர்ந்து சரக்கு மட்டும் 2 டன்னைத் தாண்டி 170 கிலோ காட்டியது. அவர் அந்தச் சீட்டை இரண்டு தடவை வாங்கிப் பார்த்தார். ஒன்றரை டன் வண்டியை வாங்கியிருந்தால் ஒவ்வொரு நடைக்கும் அறுநூறு கிலோவுக்கு மேல் கூடுதலாக ஏற்றியிருப்பார்.

நம்ம பக்கத்துச் சரக்குகளின் எடை கொஞ்சம் நினைவில் இருக்கட்டும். நேரடிக் கொள்முதல் நிலையத்தில் பிடிக்கிற நெல் மூட்டை 40 கிலோ. சிமெண்ட் மூட்டை 50 கிலோ. ஆயிரம் லிட்டர் தண்ணீர் சரியாக ஒரு டன், டேங்கின் எடை தனி. எம்-சாண்ட் ஒரு யூனிட் என்பது 100 கன அடி, அது நாலு டன்னுக்கு மேலே போகும். அதனால் "அரை யூனிட் தானே" என்று பிக்கப்பில் அள்ளிப் போடுகிறவர்கள் 2 டன்னைத் தாண்டிவிடுகிறார்கள்.

எழுதி முடித்ததும் நோட்டை இரண்டாகப் பிரியுங்கள். எடை கேட்கிற லோடு எது, இடம் கேட்கிற லோடு எது? நெல், சிமெண்ட், செங்கல், வாழைத்தார் எல்லாம் எடை கேட்கும். சங்கரன்கோவில் பூ, வைக்கோல் கட்டு, பத்தமடைப் பாய், காலி டிரே, முக்கூடல் பக்கத்துப் பீடி இலை மூட்டை எல்லாம் இடம் கேட்கும். பூ வியாபாரி 2 டன் வண்டி வாங்கினால் அந்தத் திறனை வாழ்நாள் முழுக்க அவர் தொடப்போவதில்லை. அதற்கான பணமும் டீசலும் வீண். நெல் ஏற்றுகிறவர் 1 டன் வண்டி வாங்கினால் இரண்டே வருடத்தில் பின்பட்டை, அதாவது பின்னால் எடையைத் தாங்குகிற வில் பட்டை, நிமிர்ந்துவிடும்.

ஒரு விஷயம் கவனியுங்கள். மாதத்தில் ஒரே ஒரு நாள் வரும் பெரிய லோடுக்காக வண்டியைப் பெரிதாக்காதீர்கள். அந்த ஒரு நாளைக்கு வாடகை வண்டி பிடித்துக்கொள்ளலாம். வாரத்தில் நாலு நாள் வருகிற லோடுதான் உங்கள் அளவு.

கிலோ கணக்கு: கம்பெனி சொல்வதும் உண்மையில் ஏற்றுவதும்

விளம்பரத்தில் 1300, 1500, 1700, 2000 என்று போட்டிருப்பது சரக்கு ஏற்றும் திறன். வண்டியின் மொத்த அனுமதி எடையில் இருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்த மிச்சம் அது. பிற்பாடு நீங்கள் போடுகிற எல்லாமே இந்த மிச்சத்தில் இருந்துதான் கழியும். மேலே இரும்புக் கூண்டு அடிப்பீர்கள், தரைக்குத் தகடு போடுவீர்கள், முன்னால் பம்பர் வைப்பீர்கள். கூண்டும் தகடும் சேர்ந்து 150 கிலோ வந்தால் 1500 கிலோ வண்டி 1350 கிலோ வண்டியாகிவிட்டது என்று அர்த்தம். அதனால் ஒர்க்‌ஷாப்பில் கூண்டுக்கு அளவு கொடுக்கும்போதே எத்தனை கிலோ வரும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள்.

ஓவர்லோடு விஷயத்தில் நான் நேராகவே சொல்கிறேன். எல்லோரும் ஏற்றுகிறார்கள் என்பது உண்மை. நானும் ஏற்றியிருக்கிறேன். என் முதல் சின்ன வண்டியில் சேரன்மாதேவி பக்கம் நெல் ஏற்றிப் போகும்போது பின் ஆக்ஸில் உடைந்து ரோட்டில் உட்கார்ந்துவிட்டது. அது வண்டியின் குற்றம் இல்லை, நான் ஏற்றியது அதன் அளவைப் போல ஒன்றரை மடங்கு. பின்னால் வந்த பஸ் டிரைவர் பிரேக் போட்டு நிறுத்தியதால் யாருக்கும் எதுவும் ஆகவில்லை. அன்றோடு விட்டேன். 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தில் ஓவர்லோடுக்கு 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் உண்டு. விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் பார்ப்பதும் எடைச் சீட்டைத்தான்.

நோட்டில் உள்ள வழக்கமான லோடு எத்தனையோ, அதன் மேல் நூற்றுக்கு இருபது கூட்டிக்கொள்ளுங்கள். அதுதான் நீங்கள் தேட வேண்டிய திறன். வழக்கமாக 1250 கிலோ என்றால் 1500 கிலோ வண்டி.

பின்பாடியை டேப் வைத்து அளந்து பாருங்கள்

இதை நிறையப் பேர் செய்வதில்லை. பாவூர்சத்திரம், ஆலங்குளம் சந்தைக்குக் காய்கறி கொண்டு போகிறவர்களுக்கு இது மிக முக்கியம்.

வழக்கமான பிளாஸ்டிக் டிரே 60 சென்டிமீட்டர் நீளம், 40 அகலம். 9 அடிப் பாடியில் நீளவாக்கில் 4 டிரே நிற்கும், ஐந்தாவது இடிக்கும். 10 அடிப் பாடியில் ஐந்தும் நிற்கும். அகலம் ஐந்தரை அடி என்றால் குறுக்கே 4. ஆக ஒரு அடுக்குக்கு 16-ஆ, 20-ஆ என்பது அந்த ஒரு அடியில் இருக்கிறது. ஐந்து அடுக்கு வைத்தால் 80 டிரேயும் 100 டிரேயும். டிரேக்கு 20 கிலோ என்றால் 1600 கிலோவுக்கும் 2000 கிலோவுக்கும் உள்ள வித்தியாசம். அதே சமயம் உங்கள் வண்டி 1500 கிலோ வண்டி என்றால் அந்தக் கூடுதல் அடியால் பயன் இல்லை. நீளமும் திறனும் சேர்ந்து பொருந்த வேண்டும்.

அப்புறம் தரை உயரம். லோடுமேன் தலையில் தார் வைத்துக்கொண்டு வருகிறார். பாடி அவர் இடுப்புக்குச் சற்று மேலே இருந்தால் அப்படியே சாய்த்து இறக்கி வைப்பார். நெஞ்சுக்கு வந்துவிட்டால் மேலே ஒருத்தர் நின்று வாங்க வேண்டும். ஒரு ஆள் கூலி கூடுகிறது, தார் கைமாறும்போது சீப்பு அடிபடுகிறது. அடிபட்ட காய் மறுநாள் கறுக்கும், கேரள வியாபாரி அதை ஒதுக்கிவிடுவார். ஷோரூமில் போய் பின்கதவைத் திறந்து தரையில் இருந்து எத்தனை அங்குலம் என்று அளந்து எழுதுங்கள். மூன்று பக்கமும் கதவு திறக்கிறதா என்றும் பாருங்கள். சந்தை நெரிசலில் பின்பக்கம் ஒட்டி இன்னொரு வண்டி நிற்கும்போது பக்கக் கதவுதான் கைகொடுக்கும்.

ரோடு தீர்மானிக்கிறது

நம்ம சீமையில் நாலு விதமான ரோடு இருக்கிறது, நாலுக்கும் நாலு விதமான வண்டி.

கங்கைகொண்டானில் இருந்து நாங்குநேரி, வள்ளியூர், காவல்கிணறு வழியாக நாகர்கோவில் போகும் நாலுவழிச் சாலையிலேயே பெரும்பாலும் ஓட்டுகிறீர்கள் என்றால் எந்த வண்டியும் ஓடும். அங்கே மைலேஜும் இருக்கை சுகமும்தான் பேசும். ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக் காலத்தில் உயரமாக வைக்கோலோ காலி டிரேயோ ஏற்றினால் வண்டி பக்கவாட்டில் ஆடும். கூண்டை அளவுக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

இரண்டாவது, கேரளத்துக்கு ஏறுகிற புளியரைப் பாதை. செங்கோட்டை தாண்டி எஸ் வளைவில் லோடோடு ஏறும்போதுதான் எஞ்சினின் இழுவிசை தெரியும். இழுவிசையை நியூட்டன் மீட்டர் என்று எழுதியிருப்பார்கள். குதிரைத்திறனைவிட அந்த எண்ணைப் பாருங்கள், அதுவும் எத்தனை ஆர்.பி.எம்-மில் (எஞ்சின் நிமிடத்துக்குச் சுற்றும் வேகம்) கிடைக்கிறது என்று பாருங்கள். குறைந்த ஆர்.பி.எம்-மில் நல்ல இழுவை கிடைத்தால் அரைக் கிளட்ச் பிடிக்காமல் ஏறலாம். ஒரு தடவை நண்பர் ஒருவருக்காக ஒரு டெமோ வண்டியில் ஒரு டன் ஏற்றி அந்த வளைவில் போனோம். முன்னால் டாரஸ் லாரி நின்றதால் ஏற்றத்திலேயே நின்று நின்று கிளம்ப வேண்டி வந்தது. நாலாவது தடவை கிளம்பும்போது கிளட்ச் கருகுகிற வாடை கேபினுக்குள் வந்துவிட்டது. நண்பர் அந்த ரகத்தை அங்கேயே கைவிட்டார். வாரத்துக்கு மூன்று நடை கேரளம் போகிறவர் என்றால் 200 நியூட்டன் மீட்டரை ஒட்டியோ அதற்கு மேலோ உள்ள வண்டியைத்தான் பார்க்கச் சொல்வேன்.

மூன்றாவது, தோட்டத்து வழி. களக்காடு, திருக்குறுங்குடி, பாபநாசம் பக்கம் வாய்க்கால் கரையில் ஒற்றை மண்பாதை. ஐப்பசி, கார்த்திகையில் களிமண் வழுக்கும். இங்கே தரை இடைவெளியும், திரும்புகிற வட்டமும் முக்கியம். நீளமான வண்டி தோட்டத்துக்குள் திரும்ப முடியாமல் அரைக் கிலோமீட்டர் ரிவர்ஸில் வர வேண்டியிருக்கும்.

நாலாவது, திசையன்விளை, உவரிப் பக்கத்துச் சிவந்த மணலும் கடற்கரையும். காலி பிக்கப்பில் பின்னால் எடை இல்லாததால் பின்சக்கரம் மணலில் சுழன்று புதையும். அங்கேயே புழங்குகிறவர் நாலு சக்கர இழுவை உள்ள ரகம் பார்க்கலாம், டாடா யோதாவில் அப்படி ஒன்று வந்திருக்கிறது. மீன் ஏற்றுகிறவர்கள் எந்த வண்டி எடுத்தாலும் முதல் வாரமே அடிப்பாகத்துக்குத் துருத் தடுப்புப் பூச்சு அடித்துவிடுங்கள். ஐஸ் உருகி வழிகிற உப்புத் தண்ணீர் சேஸிஸை, அதாவது வண்டியின் அடிச்சட்டத்தை, தின்றுவிடும்.

இப்போது வண்டிகளைப் பார்ப்போம்

நோட்டு கையில் இருக்கிறது, கிலோ தெரியும், அடி தெரியும், ரோடு தெரியும். இனிமேல்தான் பெயர்கள்.

மஹிந்திரா பொலேரோ பிக்கப். நம்ம ஊரில் "பிக்கப்" என்று சொன்னாலே இதைத்தான் சொல்கிறார்கள். பல வருடமாக இந்தப் பிரிவில் இந்தியாவிலேயே அதிகம் விற்பது இதுதான். 2.5 லிட்டர், நாலு சிலிண்டர் டீசல் எஞ்சின், முன்னால் மூக்கு நீண்ட உடல். பழைய பொலேரோ பிக்கப்போடு, 2022-இல் வந்த மேக்ஸ் வரிசையும் உண்டு. 1.3 டன்னில் இருந்து 2 டன் வரை ரகம் இருக்கிறது, பெரிய ரகத்தில் 10 அடிப் பாடி. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் இதைக் கண்ணை மூடிக்கொண்டு கழற்றுவார். பழைய வண்டியாக விற்கும்போது விலை நிற்கும். எடை லோடு, மண்பாதை, மலை மூன்றும் கலந்து இருப்பவருக்கு என் முதல் பரிந்துரை இதுதான். இடம் மட்டும் கேட்கிற லோடுக்கு இவ்வளவு பெரிய எஞ்சின் தேவையில்லை.

டாடா யோதா. 2.2 லிட்டர் எஞ்சின், 100 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர். இந்த வரிசையில் இழுவை என்று பார்த்தால் இது கெட்டிக்காரன். 2022 செப்டம்பரில் வந்த யோதா 2.0 ரகம் 2 டன் ஏற்றும். புளியரைப் பாதையில் லோடோடு ஏறுகிறவர் இதை ஓட்டிப் பார்க்காமல் முடிவு எடுக்க வேண்டாம். உங்கள் ஊருக்கு அருகில் இதைப் பார்க்கத் தெரிந்த மெக்கானிக் இருக்கிறாரா என்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

டாடா இன்ட்ரா. குட்டியானைக்கு (டாடா ஏஸ்) அடுத்த படி என்று வையுங்கள். வி30 ரகம் 1.5 லிட்டர் எஞ்சின், 70 குதிரைத்திறன், 140 நியூட்டன் மீட்டர், 1300 கிலோ. வி50 ரகம் அதே 1.5 லிட்டரில் 80 குதிரைத்திறன், 220 நியூட்டன் மீட்டர், 1500 கிலோ. ஒரே பெயர் என்று நினைத்து வி30-ஐ மலைக்கு எடுக்காதீர்கள், இரண்டுக்கும் இழுவையில் நிறைய வித்தியாசம். நெல்லை டவுன், பாளையங்கோட்டை, மேலப்பாளையம் சந்துகளில் கடை கடையாக இறக்குகிறவருக்கு இன்ட்ரா கைக்கு அடக்கமான வண்டி.

அசோக் லேலண்ட் தோஸ்த், படா தோஸ்த். தோஸ்த் 2011-இல் வந்தது, ஓசூரில் தயாராகிறது. படா தோஸ்த் 2020-இல் வந்தது. ஐ4 ரகம் 1.8 டன்னுக்குச் சற்று மேலே ஏற்றும், 80 குதிரைத்திறன், 190 நியூட்டன் மீட்டர், மூன்று சிலிண்டர் எஞ்சின். இந்த வண்டிகளில் எஞ்சின் சீட்டுக்கு அடியில் இருக்கிறது. அதனால் மொத்த நீளம் குறைவாக இருந்தும் பாடி நீளமாகக் கிடைக்கிறது, முன்னால் ரோடு நன்றாகத் தெரிகிறது. சித்திரை வெயிலில் சீட்டுக்குக் கீழே சூடு தெரியும், ஆயில் பார்க்கச் சீட்டைத் தூக்க வேண்டும். நயினார்குளம் மார்க்கெட்டில் காலை நாலு மணிக்கு வண்டியைச் செருகி இறக்குகிறவர்கள் இந்த உடல்வாகை விரும்புவதற்குக் காரணம் அந்தக் குட்டை மூக்குதான்.

இசுசு டி-மேக்ஸ். ஆந்திரத்து ஸ்ரீசிட்டியில் தயாராகிறது. ஒற்றைக் கேபின் ரகம் 2.5 லிட்டர் எஞ்சினோடு வருகிறது, சேஸிஸ் உறுதியானது. நெடுந்தூரம் ஓட்டுகிறவர்களுக்கு உள்ளே உட்காருவது கார் மாதிரி இருக்கும். ஆனால் அம்பாசமுத்திரத்தில் நின்றுபோனால் எத்தனை நாளில் ஸ்பேர் கிடைக்கும் என்று கேட்டுவிட்டுத்தான் அட்வான்ஸ் கொடுங்கள்.

இரட்டைக் கேபின் வைத்த இசுசு வி-கிராஸ், டொயோட்டா ஹைலக்ஸ் பற்றியும் சில இளைஞர்கள் கேட்கிறார்கள். வி-கிராஸ் 1.9 லிட்டர், 163 குதிரைத்திறன். ஹைலக்ஸ் 2.8 லிட்டர், 204 குதிரைத்திறன். இரண்டுமே அருமையான வண்டிகள், மாஞ்சோலை ரோடு மாதிரி கரடுமுரடான மலைவழிக்கென்றே செய்தவை. ஆனால் விலை லோடு பிக்கப்பைப் போலப் பல மடங்கு, பின்பாடி ஐந்தடிதான். குடும்பத்தோடு போகவும் வேண்டும், தோட்டத்துக்கு உரமும் மோட்டாரும் கொண்டு போகவும் வேண்டும், வசதியும் இருக்கிறது என்றால் எடுங்கள். வாடகைக் கணக்கில் அதன் பணத்தை மீட்க முடியாது.

சி.என்.ஜி. ரகங்களும் இருக்கின்றன. செலவு குறையும். உங்கள் அன்றாடப் பாதையிலேயே பங்க் இருந்தால் யோசியுங்கள். சிலிண்டரின் எடையும் சரக்கில் இருந்துதான் கழியும்.

லோடு ஏற்றி ஓட்டிப் பாருங்கள்

வெறும் வண்டியை ஷோரூமைச் சுற்றி ஒரு ரவுண்டு ஓட்டிவிட்டு "நல்லாத்தான் இருக்கு" என்று கையெழுத்துப் போடாதீர்கள். காலி பிக்கப் எல்லாமே நன்றாகத்தான் ஓடும். மூட்டை ஏற்றி ஓட்ட விடுவீர்களா என்று கேளுங்கள். ஒரு ஷோரூமில் எனக்கு முடியாது என்றார்கள், நான் எழுந்து வந்துவிட்டேன். அடுத்த இடத்தில் 20 சிமெண்ட் மூட்டை ஏற்ற ஒத்துக்கொண்டார்கள்.

ஓட்டும்போது பார்க்க வேண்டியவை: ஏற்றத்தில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் பிடித்துக் கிளம்புங்கள், பின்னால் உருள்கிறதா பாருங்கள். 40 வேகத்தில் பிரேக் அடியுங்கள், ஒரு பக்கம் இழுக்கக் கூடாது. மூன்றாம் கியரில் வேகத்தை நன்றாகக் குறைத்துவிட்டு மிதியுங்கள், தடுமாறாமல் இழுக்கிறதா என்று தெரியும். உங்கள் தெருவுக்கே ஓட்டி வந்து திருப்பிப் பாருங்கள். தினமும் ஓட்டப்போவது டிரைவர் என்றால் அவரையும் கூட்டிப் போங்கள். அவர் முதுகு என்ன சொல்கிறது என்பதுதான் முக்கியம், வண்டி வாங்கிக் கொடுத்தவரின் முதுகு அல்ல.

இப்போதைய பி.எஸ்.6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசல் வண்டிகளில் புகைக்கரி வடிகட்டி இருக்கிறது. தினமும் இரண்டு மூன்று கிலோமீட்டர் மட்டுமே ஓட்டி அணைத்துக்கொண்டிருந்தால் அது சூடேறிக் கரியை எரிக்க முடியாமல் அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். ஊருக்குள்ளேயே சுற்றுகிறவர்கள் வாரம் ஒரு தடவையாவது அரை மணி நேரம் நாலுவழியில் ஒரே சீராக ஓட்ட வேண்டும். புகையைச் சுத்தம் செய்யும் ஆட்புளூ திரவம் ஊற்ற வேண்டிய ரகமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள், அதுவும் ஒரு மாதச் செலவு.

மைலேஜும் டியூவும்

மைலேஜை ஷோரூம்காரரிடம் கேட்காதீர்கள். அதே ரகம் ஓட்டுகிற இரண்டு டிரைவர்களிடம், டீக்கடையில், வண்டி நிற்கும் இடத்தில் கேளுங்கள். மாதம் 3000 கிலோமீட்டர் ஓடுகிறீர்கள் என்று வைப்போம். லிட்டருக்கு 12 கொடுத்தால் 250 லிட்டர், 14 கொடுத்தால் 214 லிட்டர். லிட்டர் 93 ரூபாய் என்றால் மாதம் சுமார் 3,300 ரூபாய் வித்தியாசம். மாதம் 1000 கிலோமீட்டர்தான் என்றால் அது 1,100 ரூபாய்தான். குறைவாக ஓடுகிறவர் மைலேஜுக்காக இழுவையை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

விலையில் ஒரு நல்ல செய்தி: 2025 செப்டம்பர் 22 முதல் சரக்கு வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28-இல் இருந்து 18 சதவீதமாக இறங்கியது. உங்களுக்குக் கொடுக்கிற விலைப்பட்டியல் அதன்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

கடனில்தான் நம்ம ஆட்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். "வெறும் 7 சதவீதம்தான் அண்ணாச்சி" என்பார் ஃபைனான்ஸ்காரர். அது பிளாட் வட்டி, அதாவது நீங்கள் கட்டக் கட்டக் கடன் குறைந்தாலும் கடைசி வரை முழுத் தொகைக்கும் போடுகிற வட்டி. 8 லட்சத்துக்கு நாலு வருடம் 7 சதவீதம் பிளாட் என்றால் வட்டி மட்டும் 2,24,000. மாதம் 21,333 ரூபாய். வங்கியில் குறையும் நிலுவைக்கு 10 சதவீதம் என்று சொன்னால் மாதம் சுமார் 20,290 ரூபாய்தான். 7 என்று சொன்னது உண்மையில் பன்னிரண்டரைக்கு மேல். அதனால் சதவீதத்தைக் கேட்காமல், "மாதம் எவ்வளவு, எத்தனை மாதம், கடைசியில் மொத்தம் எவ்வளவு" என்று மூன்றையும் தாளில் எழுதி வாங்கி இரண்டு மூன்று இடத்தில் ஒப்பிடுங்கள். வாழை வைத்திருப்பவர்கள் வெட்டுக் காலத்துக்குத் தகுந்தபடி தவணை போட முடியுமா என்றும் கேளுங்கள். சில வங்கிகளில் விவசாயக் கடனாக எடுத்தால் அதற்கு வழி உண்டு.

காகிதங்கள்

வண்டியின் மொத்த அனுமதி எடை 3000 கிலோவைத் தாண்டவில்லை என்றால் மோட்டார் வாகனச் சட்டம் 66-ஆம் பிரிவின்படி பெர்மிட் தேவையில்லை. அதற்காகவே கம்பெனிகள் 3000-க்குச் சற்றுக் கீழே நிற்கும் ரகங்களை வைத்திருக்கின்றன. 1.3 டன் போதும் என்று உங்கள் நோட்டு சொன்னால் இந்த எல்லைக்குள்ளேயே வாங்குங்கள், அலைச்சல் மிச்சம். எஃப்.சி. (வண்டியின் தகுதிச் சான்று) முதல் எட்டு வருடம் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, அப்புறம் வருடா வருடம்.

லைசென்ஸ் பற்றிக் குழப்பம் இன்னும் இருக்கிறது. 7500 கிலோவுக்குள் உள்ள சரக்கு வண்டியை சாதாரண எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸிலேயே ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பர் 6 அன்று உறுதி செய்துவிட்டது. ஆகவே நாம் பேசும் எந்தப் பிக்கப்புக்கும் தனி பேட்ஜ் கேட்க வேண்டியதில்லை.

இன்சூரன்ஸில் டிரைவரோடு லோடுமேன்களுக்கும் சேர்த்துப் பிரீமியம் கட்டுங்கள், தொகை சின்னது. பின்பாடியில் ஆள் ஏற்ற வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். கோயில் கொடை விழாவுக்கு, கல்யாணத்துக்கு என்று சொந்தக்காரர்களை லோடு வண்டியில் அள்ளிப் போவது நம்ம ஊரில் வழக்கமாகிவிட்டது. கவிழ்ந்தால் உயிர் போகும், இன்சூரன்ஸும் கைவிரிக்கும். கொடைக்கு ஒரு வேன் பிடியுங்கள்.

பழைய வண்டி எடுப்பவர்களுக்கு

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி ஊருக்குள் வந்தது எல்லோருக்கும் தெரியும். அந்தத் தண்ணீரில் நின்ற வண்டிகள் கழுவித் துடைத்துச் சந்தைக்கு வந்தன, இன்னும் வருகின்றன. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், உள்ளே வண்டல் கோடு இருக்கும். டேஷ்போர்டுக்கு அடியில் ஒயர் கட்டுக்குள் விரலை விட்டுப் பாருங்கள், நுண்ணிய மண் ஒட்டும். சீட்டுக்கு அடியில் உள்ள போல்ட் மட்டும் துருவேறி இருந்தால் அந்த வண்டி வேண்டாம்.

அடுத்து, கீழே படுத்துப் பாருங்கள். சேஸிஸில் புது வெல்டிங் இருக்கிறதா, பின்பட்டையில் கூடுதல் தகடு சேர்த்திருக்கிறார்களா? கூடுதல் பட்டை என்றால் அந்த வண்டி ஓவர்லோடு அடித்தே வாழ்ந்தது என்று அர்த்தம். கடற்கரைப் பக்கத்து வண்டி என்றால் பாடியும் சேஸிஸும் சேரும் இடத்தில் ஸ்க்ரூ டிரைவரால் தட்டிப் பாருங்கள். உதிர்ந்தால் எழுந்து வந்துவிடுங்கள். ஆர்.சி-யில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால், கடன் பாக்கி இல்லை என்று அவர்கள் தருகிற என்.ஓ.சி. கைக்கு வராமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

டெலிவரி எடுக்கும் நாள்

நல்ல நேரம் பார்த்து எலுமிச்சம்பழம் வைக்கும் முன்னால் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். சேஸிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் பில்லோடு சேர்கிறதா என்று பாருங்கள். நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே வருடமா என்று பக்கவாட்டில் உள்ள நாலு இலக்க எண்ணில் பாருங்கள், கடைசி இரண்டு இலக்கம் தயாரித்த வருடம். ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப் பை கையில் வாங்குங்கள். கேட்காத பாகங்களைப் பில்லில் சேர்த்திருந்தால் அங்கேயே எடுக்கச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போகிற வழியிலேயே எடைமேடையில் ஏற்றி வெறும் வண்டியின் எடையைச் சீட்டு வாங்கி, கண்ணாடிக்கு மேலே செருகி வையுங்கள். கூண்டு அடித்த பிறகு இன்னொரு சீட்டு. முதல் லோடு ஏற்றுகிற அன்று மூன்றாவது சீட்டு. லோடுமேன்கள் "இன்னும் பத்துத் தார் ஏத்தலாம் அண்ணாச்சி" என்று சொல்லும்போது அந்த மூன்று சீட்டையும் எடுத்துக் காட்டுங்கள்.